தோணிக்காரரை அக்கா என்று அழைத்த நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரைப் பகலில் நான்தான் பார்த்துக்கொண்டேன். பாலிடெக்னிக் முடித்ததும் கிடைத்த முதல் வேலை. நான்கு கணினிகளுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி இணைப்பு. ஒரு படம் முழுதாக இறங்குவதற்குள் வந்தவர் எழுந்து போய்விடுவார். வெறும் எழுத்து மட்டும் தடையில்லாமல் ஓடும். அதனால்தான் அந்த விளையாட்டு எனக்குப் பிடித்தது.

அதில் படமே கிடையாது. ஒரு துறைமுக ஊர், அதன் சந்தை, சத்திரம், ஆற்றுத்துறை எல்லாம் எழுத்தில் இருக்கும். எங்கெங்கோ உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, அந்த வேடத்தின் வாயால் பேச வேண்டும். பாதிப் பேர் கல்லூரி லேப்களிலிருந்து வரும் தமிழ்ப் பையன்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். எட்டு மாதமாக நான் அங்கே சத்திரக்காரி.

எங்கள் சென்டரில் புதிதாக விளையாட உட்காருபவர்கள் எல்லாவற்றையும் குழப்பினார்கள். அதனால் பிரிண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு விதிகள் எழுதி ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒட்டினேன். நுழைந்தவுடன் பேசாதே, அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் பார். இன்னொருவர் என்ன செய்தார் என்று நீ எழுதாதே. 'அவனை வீழ்த்தினேன்' என்று அடிக்கக் கூடாது, 'வாளை வீசுகிறேன்' என்று நிறுத்து, விழுவதா விலகுவதா என்று அவன் சொல்லட்டும். வேடத்துக்கு வெளியே ஏதாவது கேட்க வேண்டுமானால் இரட்டை அடைப்புக்குறிக்குள் கேள். நான்காவது விதியின் கீழ் மட்டும் கோடு போட்டிருந்தேன்: வெளியே ஒருவரைப் பற்றித் தெரிந்தது உள்ளே உனக்குத் தெரியாது.

ஆவடியில் இருந்த பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு அக்கா வருவார். திருநெல்வேலிப் பக்கம். வளைகுடாவில் இருந்த தம்பிக்கு மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொள்ள வந்தவர், என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு இதிலும் இறங்கினார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் கேலியாக என்னை டீச்சர் என்பார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன்னால் அவருக்கு வாரத்தில் மூன்று பகல்கள், தலா ஒரு மணி நேரம் கிடைத்தது.

அவர் எடுத்த வேடம் ஒரு கிழட்டுத் தோணிக்காரர். ஏன் கிழவன் என்று கேட்டேன்.

"ஒரு கிழவன் ஆத்தங்கரையில சும்மா உக்காந்திருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கல்லா, டீச்சர். நா உக்காந்தா, மேலுக்கு முடியலையான்னு மூணு வீட்டுலேர்ந்து கேப்பாவ."

ஏழு விதிகளையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். தோணிக்காரர் குறைவாகப் பேசுவார். ஏறுகிறவர்களிடம், அக்கரையில் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று மட்டும் கேட்பார். அதற்குப் பதில் சொல்லவே பையன்கள் துறையில் காத்துக் கிடந்தார்கள். என் சத்திரத்தில் ஆள் குறைந்தது.

ஒரு நாள், ராஜாவின் தூதனிடம் ஊர் சார்பாகப் பேச ஒருவர் வேண்டும் என்ற பேச்சு வந்தது. எட்டு மாதம் இருந்தவள் நான். எல்லோரும் தோணிக்காரர் பெயரைச் சொன்னார்கள். செய்தி சொல்ல அவரைச் சத்திரத்துக்கு அழைத்தார்கள். அவர் வந்ததாகத் திரையில் வரி விழுந்தது.

'வாங்க அக்கா, உட்காருங்க' என்று அடித்தேன்.

சத்திரத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அவருடைய விசைப்பலகைச் சத்தம் நின்றது.

முதலில் ஒருவன், "இன்னா மாமே, தோணிக்காரரு அக்காவா கீறாரு?" என்றான். சிரிப்பு வந்தது. அடைப்புக்குறி போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இனிமேல் வம்பு பண்ணுவார்கள், நான் குறுக்கே விழுந்து தடுக்கலாம் என்று காத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகிவிட்டார்கள். சாப்பிட்டீங்களா அக்கா, எந்த ஊர் அக்கா, பசங்க என்ன படிக்கறாங்க என்று வரிகள் வந்தன. ஒருவன் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிவிட்டு ரசத்துக்குப் பக்குவம் கேட்டான். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் அடித்தார். தூதனை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அதற்கப்புறம் இரண்டு முறை விளையாட வந்தார். இரண்டு முறையும் தோணியில் ஏறியவர்கள் அவரிடம் வீட்டுக் கவலையைத்தான் சொன்னார்கள். மூன்றாவது முறை தம்பிக்கு மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டு, விளையாட்டைத் திறக்காமலே எழுந்து போனார். பிறகு வரவேயில்லை.

சில மாதங்கள் கழித்துத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் கையில் காய்கறிப் பையோடு அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை எண்போட்டு மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஆரம்பிப்பதற்குள் அவரே என் தோளைத் தட்டினார்.

"பழக்கதோஷத்துல வந்துட்டு. நேர்ல கூப்பிடுத மாதிரியே அக்கான்னு வாய்ல வந்துட்டு. அதுக்குப் போய் மூஞ்சிய தொங்கப் போடுதியே, விடு பிள்ள."

வாயில் வரவில்லை. விரலில் வந்தது. அன்று அடித்து முடித்த வரி அனுப்பப்படாமல் திரையில் நின்றது. அதை ஒருமுறை படித்தேன். நான்காவது விதி கண்ணெதிரே ஒட்டியிருந்தது. அழிக்க நேரம் இருந்தது. அதன் பிறகுதான் என்டரைத் தட்டினேன்.

"ஆமாக்கா, பழக்கதோஷம்" என்றேன். ஆவடி வண்டி வந்தது. பையை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது என்று கையசைத்துக்கொண்டே போனார்.