அண்டு சன்ஸ்

எங்கள் ராயபுரத்தில் ஒரு கடைக்கு ‘அண்டு சன்ஸ்’ என்று போர்டு மாட்டினால், குடும்பமே சேர்ந்து நடத்தும் கடை என்று அர்த்தம். ஒரே பையன் இருந்தாலும் சன்ஸ்தான். பையன் பிறப்பதற்கு முன்பே போர்டு எழுதி மாட்டிய புண்ணியவானையும் எனக்குத் தெரியும். மகள்கள் போர்டில் இருப்பதில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள்.

அப்பாவின் கடையில் மீன்பிடிப் படகு இன்ஜினுக்கு உதிரி பாகம் விற்றோம். கல்யாணமாகித் திருவொற்றியூருக்குப் போன பிறகும் தினமும் வந்து நின்றேன். சன்ஸ் என்கிற என் தம்பி, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிந்தான்.

படகுகளில் இருப்பதெல்லாம் பழைய இன்ஜின். லேத்தில் கடைந்து கடைந்து, ஒன்றின் அளவு இன்னொன்றுக்குச் சேராது. அதனால் கழற்றிய பாகத்தை வாங்கி, அளவெடுத்து, படகு நம்பர் எழுதிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். அடுத்த முறை படகுக்காரர் வெறுங்கையோடு வந்தாலும் போதும். அந்த மாதிரியை வைத்துப் புதிதாகக் கடைந்து கொடுத்துவிடலாம்.

தம்பிக்கு வேலை போனது. ஆயுத பூஜையன்று பூசணிக்காயை அவன் கையில் கொடுத்து உடைக்கச் சொன்ன அப்பா, என்னிடம், “நீ இனிமே வூட்டப் பாரும்மா. போர்டுல இன்னா எழுதிக்கீது, அவன் கடதானே” என்றார். கல்லாச் சாவியைத் தம்பி பக்கம் நகர்த்திவிட்டு வந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் அவன் கடையைச் சுத்தம் பண்ணினான். “ஒரே கலீஜா இருந்துச்சு” என்று பளபளக்கும் அலமாரியைப் படமெடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டான். டப்பா ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் சாத்தாங்காட்டில் பழைய இரும்புக்கு எடை போட்டிருக்கிறான், மேதாவி. அந்தப் படத்துக்குக் கீழே நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருந்தபோது அப்பா போன் பண்ணினார். கடலுக்குப் போகுமுன் இன்ஜினைச் சரிசெய்ய, டப்பாவை நம்பி வெறுங்கையோடு வந்த படகுக்காரர்கள் கடை முழுக்க. தம்பி சாப்பிடப் போனவன் திரும்பவில்லையாம்.

“ஏம்மா, அளவெல்லாம் உனக்கு ஞாபகம் கீதுல்ல?”

“கீது நைனா. அவுங்கள என் வூட்டாண்ட அனுப்பு.”

அன்று சாயங்காலமே வந்தார்கள். பக்கத்துத் தெரு லேத்துக்காரரை வரவழைத்து, ஒவ்வொரு படகுக்கும் அளவைச் சொன்னேன். என் வாசலில் போர்டு கிடையாது. யாரும் வழி தவறவும் இல்லை.