மெம்பர் வீட்டு மணி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பித்தளை மணியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். சின்னக் கைமணிதான். பிடி கறுத்துவிட்டது, நாக்கும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது, சத்தத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பூஜை மணி என்று நினைத்து என் மருமகள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இது சாமிக்கு அடிக்கிற மணி இல்லையம்மா, ஓட்டுக்கு அடிக்கிற மணி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். இந்த வருடம் நான்தான் தலைவி. மணி இல்லாமல் கூட்டம் நடத்த எனக்குத் தெரியாது.

மணி என் மாமனாருடையது. மாமா வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை சட்டசபையில் மெம்பராக இருந்தவர். சுதந்திரம் வந்து எத்தனையோ வருடம் கழித்து நான் தென்காசியில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் ஊருக்கு அவர் மெம்பர்தான். ரிக்‌ஷாக்காரரிடம் மெம்பர் வீடு என்று சொன்னால் போதும், நேரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்தச் சபையைப் பற்றி மாமாவுக்கு மயக்கம் எதுவும் கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அன்றைக்கு ஓட்டு. அவர்கள் அனுப்பிவைத்தவர்கள் தொண்டை வற்றப் பேசி ஒரு தீர்மானம் போட்டாலும், கவர்னர் துரை வேண்டாம் என்றால் அவ்வளவுதான். "பேசுததுக்கு எங்களுக்கு அதிகாரம், முடிவு பண்ணுததுக்கு அவனுக்கு அதிகாரம். நல்லா பங்கு பிரிச்சாம் பாத்துக்கோ" என்பார்.

இப்படிக் கேலி பேசினாலும் அந்தச் சபையின் முறைமைகளை அவர் விட்டுவிடவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வயலை விற்பதா, கிணற்றுக்கு மோட்டார் வைப்பதா, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாவற்றுக்கும் ஓட்டு. மாமா கூடத்தில் நின்று மணியை அடிப்பார். மகன்கள் இருவரும் வந்து சேருவார்கள், பங்காளிகள் யாராவது இருந்தால் அவர்களும் உண்டு. சம்மதம் என்கிறவர் தெருப்பக்கத்து அறைக்குள் போக வேண்டும்; இல்லை என்கிறவர் நெல் மூட்டை கிடக்கிற அறைக்குள் போக வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மாமா ஓட்டுப் போடுவார். அதற்கும் சபையில் ஒரு மரபு உண்டாம். தலைவர் தன் ஓட்டை, இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்ற பக்கம்தான் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு என் மாமியார் அடுக்களையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லுவார், மொத்தமும் மாறிவிடும். அத்தைக்குக் கவர்னர் என்று மாமா பெயர் வைத்திருந்தது சும்மா இல்லை.

இந்த மணிக்குப் பின்னால் ஒரு வருத்தம் இருந்தது. சாரல் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி யாராவது குடும்பத்தோடு குற்றாலத்து பங்களாவில் வந்து தங்கினால், அருவிக்குப் போகிற வழியில் கயிறு கட்டி ஜனங்களை மறித்துவிடுவார்களாம். துரைசானி குளித்து முடிக்கும் வரை ஊர்க்காரர்கள் துண்டும் எண்ணெயுமாக மழையில் நிற்க வேண்டும். மெம்பரான புதிதில் மாமா இதை எதிர்த்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நன்றாகவும் பேசினார். பேசி முடித்த களைப்பில் பின்பக்கம் காபி குடிக்கப் போனார். மணி அடித்தது. புது மெம்பர் அல்லவா, சாப்பாட்டுக்குச் சபையைக் கலைக்கிறார்கள் என்று நினைத்து, நிதானமாக ஆற்றிக் குடித்துவிட்டு வந்தார். அது ஓட்டெடுப்புக்குக் கூப்பிடுகிற மணி. அது நின்றதும் கதவைப் பூட்டிவிடுவார்கள், பிறகு யாருக்கும் திறக்கக் கூடாது. தன்னுடைய தீர்மானத்துக்குத் தலை எண்ணுவதை அவர் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கேட்டார். தீர்மானம் தோற்றது. அவர் உள்ளே இருந்திருந்தாலும் தோற்றிருக்கும், அது அவருக்கும் தெரியும். ஊர் திரும்புகிற வழியில் மூர் மார்க்கெட்டில் இறங்கி இந்த மணியை வாங்கினார். அதனால்தான் எங்கள் வீட்டில் மணி அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மகன் குளித்துக்கொண்டிருந்தாலும் அவன் ஈரத் தலையோடு வந்து நிற்கும் வரை மாமா நிறுத்த மாட்டார்.

எனக்குத் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு உத்தரவு வந்தது கல்யாணமான மறு வருடம். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இன்றைக்கும் நெஞ்சில் உணர முடிகிறது. பரீட்சை எழுதி நானாகச் சம்பாதித்த ஒன்று அது. உத்தரவு வந்ததோ இல்லையோ, என் கணவரின் அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"ஊர்ல உள்ள ஆம்பளையெல்லாம் போன எடுத்தா நம்ம வீட்டுப் பொம்பள பதில் சொல்லணுமா? இதுல நைட் டூட்டி வேற. மெம்பர் வீட்டு மருமகள்னு வெளிய சொல்லிக்கிட முடியுமா?"

மாமா மணியை எடுத்தார். என் கணவர் வாயில்லாப் பூச்சி. ஆனால் முந்தின நாளே என்னிடம், "நான் ஒம் பக்கந்தான் வருவேன், அண்ணன் மொகத்த மட்டும் பாக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னபடியே தரையைப் பார்த்துக்கொண்டு தெருப்பக்கத்து அறைக்குள் போனார். அண்ணன் நெல் அறைக்குள் போனார். ஒன்றுக்கு ஒன்று. சமமாக வந்தால் மாமாவின் ஓட்டு எந்தப் பக்கம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருப்பது இருக்கிறபடியே, அதாவது நான் அடுக்களையிலேயே. அத்தையும் மூத்த மருமகளும் நானும் வழக்கம்போல அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். இத்தனை வருடமாக மகன்களுக்காக மணி அடித்துக் காத்திருந்த மனிதரின் கண்ணில் அந்தக் கதவு மட்டும் படவே இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"மாமா, நாங்களும் கதவுக்கு வெளியதான் நிக்கோம்."

மாமா என்னைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த மணியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நெல் அறையிலிருந்து அண்ணன் குரல் மட்டும் வந்தது.

"பொம்பளைகளுக்கு என்னப்பா ஓட்டு? வரி கட்டுதது நாமல்லா?"

"வெள்ளைக்காரனும் இதத்தாம்லே சொன்னான்" என்றார் மாமா. மறுபடியும் மணியை அடிக்க ஆரம்பித்தார்.

நான் முதலில் வந்தேன். தெருப்பக்கத்து அறைக்குள் போய் என் கணவர் பக்கத்தில் நின்றேன். அத்தை வந்து, "ராத்திரி நேரம் இவ தனியா நடந்து வரணும். எனக்குச் சம்மதமில்ல" என்று சொல்லிவிட்டு நெல் அறைக்குப் போனார். இரண்டுக்கு இரண்டு. மணி நிற்கவில்லை. கடைசியாக அக்கா, அண்ணனின் மனைவி, அரிசி களைந்த ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். அவர் தன் வீட்டுக்காரரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. நெல் அறைப் பக்கம் திரும்பாமல் நேராக எங்களிடம் வந்து என் தோளோடு தோள் உரச நின்றுகொண்டார். மாமா மணியை வைத்துவிட்டு, "தீர்மானம் ஜெயிச்சாச்சு" என்றார்.

கவர்னர் தன் அதிகாரத்தைக் காட்டுவார் என்று அன்று முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். மறுநாள் நான் கிளம்பும்போது அத்தை ஒரு தூக்குவாளியை என் கையில் திணித்தார். "நான் ஓட்டுல தோத்துட்டேன். அதுக்காவ நீ பட்டினியா போவியாட்டி?" உள்ளே எலுமிச்சம் சாதம். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஊரையே கம்பியில் இணைத்துக்கொண்டிருந்தேன். சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக்கும் சென்னைக்கும் டிரங்க் கால் போட்டே கை ஓய்ந்துவிடும். மெம்பர் வீட்டு மருமகள் என்று சொல்லிக்கொள்வதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக் கடைசியில் கேட் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்பது பேச்சு. பின்னால் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் இந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறார்கள். பூட்டிவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் கார் ஷெட்டில் நாற்காலி போட்டிருந்தோம். போலீசிலிருந்து ஓய்வு பெற்றவர்தான் செயலாளர். "எல்லாரும் வந்தாச்சு மேடம், ஓட்டுக்கு விட்டுரலாம்" என்றார். காம்பவுண்டு கதவுக்கு வெளியே பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், ஒருத்தி இடுப்பில் குழந்தை.

"அவங்க?" என்றேன்.

"அவங்க மெம்பர் இல்ல மேடம். வீட்டுவரி கட்டுதவங்களுக்குத்தான் ஓட்டு. சங்க விதியிலயே இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. "விதிய இன்னைக்கே மாத்திருவோம் அண்ணாச்சி. அடைக்கப்போறது அவங்க வழிய" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை நீக்கினேன். திறந்த பிறகும் அவர்கள் தயங்கி நின்றார்கள். நான் மணியை அடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போய் இன்னும் நாலு நாற்காலி எடுத்து வந்தார். இடுப்பில் குழந்தையோடு நின்றவள் கடைசியாக வந்து உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் மணியைக் கீழே வைத்தேன்.