இரண்டே இரண்டு வாய்ச்சண்டை

1965, மாசி மாதம், செஞ்சி. பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்று, மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். தேதி போட்டு, நாளுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்றொடர்களை நோட்டில் எழுதுவேன். எதிரில் தமிழ்ப் பொருள். முதலில் அளவைக் குறிப்பவை, பிறகு சண்டையைக் குறிப்பவை.

வல்லம் பக்கத்து விவசாயி ஒருவர் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதித் தரக் கேட்டு வந்தார். அவருக்கும் தம்பிக்கும் ஒரே கிணறு. ஆளுக்கொரு நாள் இறைப்பது வழக்கம். மாட்டுக்கு உடம்பு சரியில்லாமல் மூன்று நாள் இறைக்காததில் முறை குழம்பிவிட்டது.

"தம்பி நல்லவன்தான். ரெண்டு தபா வாய்ச்சண்ட ஆயிப்போச்சு. ஆபீசர் வந்து மொறைய சொல்லிட்டா போதும். இங்கிலீஷ்ல போட்டுக் குடு, மதிப்பா இருக்கும்."

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டு சண்டை 'டைம்ஸ் விதவுட் நம்பர்' ஆனது. அண்ணன் தம்பி 'அட் டேகர்ஸ் டிரான்' ஆனார்கள், கத்தியை உருவிக்கொண்டு நிற்கிறவர்கள். பெருமையாக இருந்தது. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் அண்ணன் வந்தார். தம்பியும் கூட வந்திருந்தார், நாலு அடி தள்ளி. விசாரணைக்கு வந்த அதிகாரி, கிணற்றடியில் ஊரார் முன் மனுவைத் தமிழில் படித்திருக்கிறார்: பரம விரோதிகள், எண்ணிலடங்காத சண்டைகள். அன்றிலிருந்து தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். கிணற்றில் பாதியும் வேண்டாம், தனிக் கிணறு வெட்டிக்கொள்கிறேன் என்கிறாராம்.

"நான் சொன்னனா இதெல்லாம்? நீயே சொல்லு அவன்கிட்ட" என்றார் அண்ணன்.

சொன்னேன். தம்பி நம்பவில்லை. "அவரு சொல்லாம உனக்கு எப்பிடித் தெரியும்? எங்கள முன்ன பின்ன பாத்திருக்கியா?"

வேறு வழியில்லாமல் நோட்டை நீட்டினேன். அவர் ஐந்தாவது வரை படித்தவர். விரலை வைத்துத் தமிழ்ப் பக்கத்தைப் படித்தார். எண்ணிலடங்காத. பரம விரோதம். மேலே தேதி, அண்ணன் என்னிடம் வருவதற்கு நான்கு நாள் முந்தியது.

நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நம்ம சண்ட இந்தப் புள்ள நோட்டுல முன்னாடியே இருந்திருக்குது" என்றார். "கெளம்புணா. இன்னிக்கி உன் மொறை."

மனுவைத் திரும்பப் பெற இன்னொரு மனு எழுதினேன். மூன்றே வரி.

அந்த முறை ஆங்கிலத்தில் தேறிவிட்டேன். ஆனாலும் இன்றுவரை யாருடைய சண்டையையாவது எழுத நேர்ந்தால், 'எத்தனை தடவை?' என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.