தள்ளச் சொன்ன அரிசி

அந்த மண்டபத்தின் மதியச் சாப்பாட்டை நினைத்தால் இன்னும் எனக்குக் குமட்டுகிறது. சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. அவியல், அப்பளம், இரண்டு பாயசம், எல்லாம் நன்றாகவே இருந்தன. அதைச் சாப்பிட்டவர்களைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் கரமனையில் பிறந்து வளர்ந்தவள். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், தமிழ் மட்டும் பேசுகிற யாரையாவது மேடையேற்ற வேண்டுமென்றால் மலையாளத்தில் எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய கருத்தரங்குக்கும் அப்படித்தான் போனேன். உணவுப் பற்றாக்குறை, மக்கள்தொகைப் பெருக்கம், மரபணு மாற்றிய பயிர்கள். எல்லாவற்றையும் ஒரே பகலில் தீர்த்துவிட்டு சாயங்காலம் நடைப்பயிற்சிக்குப் போய்விடலாம் என்பது போல ஏற்பாடு செய்திருந்தார்கள்.

நான் மொழிபெயர்க்க வேண்டியது ஒருத்திக்காக மட்டும். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். தோட்டம் பாதி மூடிக் கிடந்தது. கூலி ஒழுங்காக வருவதில்லை. கூட்டத்தில் வந்து தன் கஷ்டத்தைச் சொன்னால், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு இரண்டு சாக்கு அரிசி தருவதாக அறக்கட்டளை சொல்லியிருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த அந்தச் சாக்குகள் மேடையோரம் சாய்ந்து நின்றன. அவள் மடியில் ஒரு கயிற்றுச் சுருள். மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது சாக்கு உருளாமல் கட்டிவைப்பதற்காம்.

"ரேஷன் அரிசி பாதி மாசந்தான் வருது, அக்கா. மிச்ச நாளுக்கு இதத்தான் நம்பியிருக்கோம். அரிசியோட வாறேன்னு லயத்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன், கேட்டோ" என்றாள்.

காலையில் பேசியவர் ஒரு வேளாண் பேராசிரியர். மரபணு திருத்திய நெல்லை இங்கே வயலில் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டு நடையாய் நடக்கிறவர். வாய்கள் பெருகிவிட்டன, வயல்கள் சுருங்கிவிட்டன, புது விதை இல்லாமல் இனிச் சோறு இல்லை என்றார். வயல் சுருங்கியது உண்மைதான். அதன்மேல் வீடு கட்டிக்கொண்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். பிறகு அவளைக் காட்டி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்கச் சொன்னார். மூணு என்றாள். மண்டபமே உச்சுக் கொட்டியது. அறக்கட்டளைத் தலைவருக்கும் மூன்று பிள்ளைகள்தான், மூவரும் வெளிநாட்டில். அந்த வாய்களை யாரும் எண்ணவில்லை.

தலைவர் மரபணுப் பயிர்களுக்குப் பரம எதிரி. பேராசிரியரை மட்டம் தட்டுவதற்கென்றே அவரை அழைத்திருந்தார் என்பது சீக்கிரம் புரிந்தது. அரிசியைச் சபைக்குக் காட்டுவதற்காகச் சாக்கைப் பிரித்தவர், கையில் அள்ளியதும் நின்றுவிட்டார். அரிசிக்கு நடுவே வேறு மாதிரி வெளுத்த மணிகள் சில இருந்தன. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் போட்டார். அந்த மணிகள் மேலே வந்தன.

"கண்டோ, பொங்ஙிக் கிடக்குன்னது? இது லேபில் உண்டாக்கிய அரியாணு!" என்று கத்தினார். மிதப்பதைப் பாருங்கள், இது ஆய்வுக்கூடத்து மரபணு அரிசி என்று டம்ளரைத் தூக்கிப் பிடித்தார்.

மிதந்தது சத்து சேர்த்த அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்தைக் கலந்து, மறுபடி அரிசி வடிவிலேயே அழுத்தி எடுத்து, சாதாரண அரிசியோடு கொஞ்சம் சேர்த்துவிடுகிறார்கள். ரேஷன் கடையில் போடுவதும் அதுதான். மரபணுவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரேஷன் அரிசியைக் களைந்து உலை வைக்கிற எந்த வீட்டிலும் அந்த மணியைப் பார்த்திருப்பார்கள். அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி உலை ஏறுவதில்லை. கார்டு ரத்தாகாமல் இருக்க வாங்கி, வேலைக்கு வருகிறவளிடம் கொடுத்துவிட்டு, அதையும் தருமமாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். எங்கள் தெருவிலும் அதே கதைதான். இத்தனை வருஷம் தங்கள் பேரில் வந்த அரிசியை அன்றுதான் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பேராசிரியருக்கு இதெல்லாம் தெரியாதா? சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாயசத்தை இலையில் வாங்கிப் பழத்தைப் பிசைந்தபடியே பதில் சொன்னார். இந்த அரிசிக்கு வக்காலத்து வாங்கினால் தன் நெல்லையும் இதோடு சேர்த்துத் திட்டுவார்களாம். அனுமதிக் கோப்பு மேலே போயிருக்கிற நேரமாம். தலைவருக்கு அங்கே செல்வாக்கு உண்டாம். விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, பாதிச் சோறு மிஞ்ச இலையை மடித்தார். உலகத்துக்கே சோறு போடப் புறப்பட்ட மனிதர்! சீ என்று எழுந்து கை கழுவப் போனேன்.

தலைவரிடமே நேராகப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அம்மா மொழிபெயர்த்தால் போதும் என்றார்.

மத்தியானம் தீர்மானம் போட்டார்கள். இந்த விஷ அரிசியைத் தோட்டத்துச் சகோதரிகளுக்குக் கொடுக்கக் கூடாது, அரசு வேறு நல்ல அரிசி தர வேண்டும். அதை அவளுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இதத்தானே அக்கா மாசாமாசம் ரேஷன்ல வாங்கித் திங்கிறோம்? பிள்ளையளும் இதத்தான் திங்குது. ஒண்ணும் ஆவலியே. சொல்லுங்க அவங்கட்ட."

ஒரு சொல் விடாமல் மைக்கில் சொன்னேன். அது என்ன அரிசி என்பதையும் என் பங்குக்குச் சேர்த்தேன். பிறகு தலைவர் கையை உயர்த்தினார். பார்த்தீர்களா, இவர்களுக்குத் தெரியாமலே மாதாமாதம் விஷம் கொடுத்து வருகிறார்கள் என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பேராசிரியரும் தட்டினார்.

அவள் என் பக்கம் சாய்ந்து, "கை தட்டுறாங்களே, குடுத்துருவாங்களா?" என்று கேட்டாள்.

"இவா தரப் போறதில்லைம்மா" என்றேன்.

பத்திரிகைக்குப் படம் வேண்டுமாம். அவள் சாக்கை இரண்டு கையாலும் தள்ளிவிடுவது போல நிற்க வேண்டுமாம். அதையும் நானே சொல்லித் தொலைத்தேன். அவள் கயிற்றோடு எழுந்து போய்க் குனிந்து சாக்கில் கை வைத்தாள். காமிராக்கள் மின்னின.

"எடுத்தாச்சு, விட்டுடுங்கோ" என்றேன்.

"விட்டா கொண்டு போயிருவாங்க, அக்கா."

இரண்டு தொண்டர்கள் வந்து அவள் கையை எடுத்துவிட்டார்கள். சாக்குகள் தலைவர் வீட்டுப் பசுக்களுக்குப் போயின. மாட்டுக்கு ஒன்றும் செய்யாதாம். சாலைக் கடைத்தெருவில் ஒரு பை அரிசி வாங்கிக் கொடுத்து அவளை பஸ் ஏற்றினேன். ஒரு லயத்துக்கு அது எந்த மூலைக்கு? போய் என்ன சொல்வது என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அடுத்த வீட்டு மாமி பேப்பரோடு வந்தாள். மரபணு அரிசியை உதறித் தள்ளிய தோட்டத் தொழிலாளி என்று பெரிதாகப் படம் போட்டிருந்தார்கள்.

"பார்த்தேளா, நம்ம தமிழ்ப் பொம்மனாட்டிக்கு என்ன தைரியம்!"

"மாமி, அவ கையைப் பாருங்கோ" என்றேன்.

மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். சாக்கின் காதைக் கயிற்றோடு சேர்த்து அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.