மூடின ஷட்டருக்கு முகம் ஏது?

ஞாயித்துக்கிழமை நடந்தது. இன்னும் படபடப்பு அடங்கலை.

எங்க ஏரியா குளத்துக்கு விடிவு காலம் வந்திருக்கு. கரையை ஒட்டிப் புதுசா ஒரு குடியிருப்பே வரப்போகுதாம். கீழே கடை, மேலே வீடு. பள்ளிக்கூடம், கிளினிக், மளிகை... எல்லாம் நடக்கிற தூரத்துல. கூரையில சோலார், மழைத்தண்ணி நேரா குளத்துக்கு. கேக்கவே குளுகுளுன்னு இருக்குல்ல? நானே இந்தப் பத்தியில ரெண்டு தடவை 'இப்படி ஒண்ணு வேணும்'னு கத்தியிருக்கேன்.

அதுக்குத்தான் கல்யாண மண்டபத்துல கருத்துக் கேட்புக் கூட்டம். ஸ்கிரீன்ல பெரிய மேப். பிளான் போட்ட இன்ஜினீயர் லேசர் லைட் அடிச்சு ஒவ்வொண்ணா காட்டிட்டு வந்தார். எங்க வாக்கர்ஸ் கிளப்புக்கு முதல் வரிசை. சும்மா இல்லீங்க, அந்த மேப்புக்குக் கட்டடம் கட்டடமா சர்வே எடுத்துக் கொடுத்ததே நாங்கதான்!

அப்போ பின்னாடி இருந்து ஒரு குரல். "ஏனுங்க, இதுல எங்க ஊடு எதுங்க?"

திரும்பிப் பார்த்தா முஸ்தபா பாய். கழுத்துல அளவு டேப் தொங்குது, தைச்சிட்டு இருந்தவர் அப்படியே எழுந்து வந்துட்டார் போல. குளத்துக்குத் தெக்கால இருக்கிற சந்துல தையல்கடை வெச்சிருக்கார். என் ஜாக்கெட்டெல்லாம் இருபது வருஷமா அவர் தைச்சதுதான். கடைக்கு மேலேயே வீடு.

இன்ஜினீயர் மேப்பைப் பெருசாக்கினார். சந்து மொத்தமும் மஞ்சள்.

"அது பயன்பாட்டுல இல்லாத கட்டடங்கள் சார். இடிச்சுட்டு பார்க்கிங் வருது. வாக்கிங் வர்றவங்க காரை நிறுத்த."

நடக்க வர்றவங்களுக்குக் கார் நிறுத்த இடமா? வாயைத் திறக்கப் போனேன். பாய் முந்திக்கிட்டார்.

"இல்லாத கட்டடமுங்களா? நான் அங்கதானுங்க இருக்கறேன்." மேப்பை நோக்கிக் கையை நீட்டினார். "கீழ கடை, மேல ஊடு. பேத்தி பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகுது. நான் பள்ளிவாசலுக்கு நடந்துதானுங்க போறேன். நீங்க புதுசா கட்டறேங்கறதே எங்க சந்து மாதிரிதானுங்களே?"

இன்ஜினீயர் ஃபைலைப் புரட்டி ஒரு ஃபார்மை உருவினார். "சர்வேயில இப்படித்தான் இருக்கு சார். பதினோரு கட்டடம். எல்லாமே பூட்டிக் கிடக்கு, ஆள் நடமாட்டம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்காங்க."

கையெழுத்து என்னோடது.

அட கடவுளே, நானா?

நானேதான். எங்க கிளப் வாக்கிங் போறது காலை அஞ்சரைக்கு. அந்தக் கையோடயே சர்வேயையும் முடிச்சோம் — ஒரே கல்லுல ரெண்டு மாங்கா! அந்தச் சந்துல கடை திறக்கிறது பத்து மணிக்கு மேலே. நான் பாட்டுக்கு அரையிருட்டுல, செல்போன் டார்ச்சை ஃபார்ம் மேல அடிச்சுக்கிட்டு டிக், டிக், டிக்.

பாய் கடையை அடையாளம் தெரியலையான்னு கேப்பீங்க. நான் எப்பவும் சாயங்காலம், மெயின் ரோட்டுப் பக்கமா ஸ்கூட்டர்ல போறவ. அன்னிக்குக் குளத்துப் பக்கமா நுழைஞ்சேன். மூடின ஷட்டருக்கு முகம் ஏது? ஒரு கதவைத் தட்டியிருந்தா போதும். தட்டலை. தைக்கக் கொடுத்த என் ரெண்டு ஜாக்கெட் அந்த ஷட்டருக்குள்ளதான் இருந்தது!

எழுந்தேன். "அது என் தப்புங்க. நான்தான் பார்க்காம எழுதினேன். அந்தச் சந்து முழுக்கக் குடும்பங்க இருக்கு."

பாய் என்னையே பார்த்தார். "நீங்களாங்க அம்மணி?"

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை. நம்மூர் மரியாதை சில சமயம் செருப்படியை விட வலிக்கும்ங்க.

ஊரைத் திருத்தக் கிளம்பறோம், சரி. ஆனா நமக்கு ஒழியற நேரத்துலதானே கிளம்பறோம்? நாம பார்க்கிறப்ப முழிச்சிருந்தா ஊர்க்காரங்க. தூங்கிட்டு இருந்தா... பார்க்கிங்!

இன்ஜினீயர் நல்ல மனுஷன். "மறுபடி சர்வே எடுத்துக் கொடுங்க, மேப்பை மாத்திடறேன். அதுவரைக்கும் அந்தச் சந்துல யாரும் கை வைக்க மாட்டாங்க"ன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு.

உடனே எங்க கிளப் செக்ரட்டரி எழுந்து மைக்கைப் பிடிச்சார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க! நாளைக்கே எடுத்துப்போடலாம். மெம்பர்ஸ் எல்லாரும் காலையில கரெக்டா அஞ்சரைக்கு வந்துருங்க!"

பாய் டேப்பைக் கழுத்துல இருந்து எடுத்து மெதுவா சுருட்டினார்.

"ஏனுங்க... அப்ப இன்னிக்கு ராத்திரி ஷட்டரைத் திறந்துபோட்டே படுத்துக்கட்டுங்களா?"