மூஞ்சூறுப் பல்லில் வைத்த பொட்டு

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்று மூன்றில் கோவையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் உதவியாளாக இருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போவேன். எலும்புகளைத் தூசி தட்டுவதும் பாட்டில்களைத் துடைப்பதும் என் வேலை. யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். அங்கே மூஞ்சூறுகளை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியை, என்னைவிடப் பத்து வயது இளையவர், அவராகவே வந்து பேசுவார்.

"மூஞ்சூறு எலி இல்லீங்கண்ணா. எலிக்கு முன்னால உளி மாதிரி பல்லு, வளந்துக்கிட்டே இருக்கும். இதுக்குப் பாருங்க, வாய் பூராவும் கூர்ப்பல்லு. பூச்சி திங்கிற சாதி. எலியைவிட முள்ளெலிதான் இதுக்குக் கிட்டத்துச் சொந்தம்."

மூஞ்சூறுகளிலும் பெரிய கூட்டங்கள் இரண்டு உண்டாம். குளிர்நாட்டுக் கூட்டத்துக்குப் பல் நுனி சிவப்பு, அதில் இரும்பு ஏறியிருப்பதால். நம் வீடுகளில் சுவரோரம் கீச்சிட்டு ஓடுவது வெள்ளைப்பல் கூட்டம். மண்ணில் புதைந்து கல்லான பிறகும் சிலவற்றில் அந்தச் சிவப்பு மாறாதாம்.

ஆயுத பூஜைக்கு முந்தின மாலை, ஆற்றோர மண்ணை மாதக்கணக்கில் சலித்ததில் கிடைத்த தாடை ஒன்றைக் கொண்டுவந்தார். அரிசியளவுதான் இருந்தது. பல ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மூஞ்சூறு. லென்ஸில் பார்க்க நேரமில்லாமல் தட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போனார்.

பூஜையன்று லென்ஸ், கத்தரி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அவ்வளவு பாடுபட்டுத் தேடியதை மட்டும் விட மனம் வரவில்லை. குங்குமத்தை நீரில் குழைத்து, தீக்குச்சி முனையால் தாடையின் பல் மேலும் வைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்தவர் தூரிகையால் தாடையைத் தட்டிவிட்டு லென்ஸில் குனிந்தார்.

"ஏனுங்கண்ணா, இங்க வாங்க. பல்லு நுனியில செவப்பு. இந்தப் பக்கம் செவப்புப் பல்லு இருந்துச்சுன்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மதியம்வரை ஒரே பாட்டிலைத் துடைத்தேன். அதற்குள் அவர் வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு இரண்டு தாளில் கடிதம் எழுதி உறையை ஒட்டிவிட்டார்.

"ஆர்.எஸ்.புரம் போறப்ப தபால்ல சேத்துடறீங்களா?"

அது போய்ச் சேர்ந்தால் படித்தவர்களெல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். உறையை வாங்க என் கை நீளவில்லை.

"மேடம், அது இரும்பு இல்லீங்க. குங்குமமுங்க. நான்தான் வெச்சுப்போட்டேன்."

உறையை மேசையில் வைத்தார். "பல்லுக்கா பொட்டு வெச்சீங்க?"

"லென்ஸுக்கு வெச்சேனுங்க, கத்தரிக்கு வெச்சேனுங்க. அதை மட்டும் உட்டா நல்லாவா இருக்குமுங்க?"

அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பல்லைத் துடைத்தார். பஞ்சில் சிவப்பு இறங்கியது. பல் பழுப்பேறிய வெள்ளையாக நின்றது. அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"காலையிலயே சொல்லியிருந்தா ரெண்டு தாளு மிச்சமுங்கண்ணா."

"பயமா இருந்துச்சுங்க."

"இப்பப் பயமில்லையாக்கும்?"

"தபால்ல போடறது அதைவிடப் பயமுங்க."

உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அட்டையில் வெள்ளைப்பல் கூட்டம் என்று எழுதினார். பிறகு நாற்காலியை நகர்த்தி, லென்ஸில் என்னைப் பார்க்கச் சொன்னார். வரிசையாகக் கூர்ப்பற்கள், ஒன்றுகூட உடையவில்லை.

"நம்மூட்டு மூஞ்சூறுக்குப் பாட்டன் மொறைங்கண்ணா" என்றார்.

எழுதியது: 1999 அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை.