பதினாறு எழுத்துக்கு மேல் பெயர் உள்ளவர்கள்

உங்கள் பெயரின் பின்பாதியை ஒரு கணினி வெட்டி எறிந்தால், போகட்டும் என்று விட்டுவிடுவீர்களா? நிறைய மருத்துவமனைகளின் கணினிகளை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பராமரிக்கும் பொறியாளர், பேனா மூடியைக் கடித்தபடி திரையில் ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினாறு. பயனர் பெயரில் அதற்கு மேல் எழுத்து கூடாதென்று யாரோ என்றோ வைத்த மாறிலி. எந்த மாற்றத்தையும் முதலில் மறுப்பவர் என்பதால் அலுவலகத்தில் இவர் 'வேண்டாம் அக்கா'.

எதிரே ஒரு செவிலியர். "என் பேரை வெட்டுனா இன்னொரு நர்ஸோட பேரா ஆயிடுது. அவங்க போட்ட ஊசிக்கு என்னை விசாரிக்கிறாங்க. வேலையே போயிடும் போல இருக்கு."

பெட்டியைச் சிறியதாகச் செய்துவிட்டு மனிதரின் பெயரை நீளம் என்று குறை சொல்லும் புத்தி எனக்கு ஆகவே ஆகாது. பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் நான், முப்பத்திரண்டு ஆக்கினால் தீர்ந்தது என்றேன்.

"அந்தப் பதினாறை நம்பி எந்தெந்த நிரல் இருக்குன்னு தெரியாம கை வைக்க மாட்டேன்" என்றார் அக்கா.

பிரிவுத் தலைவர் எட்டிப்பார்த்தார். "முப்பத்திரண்டு வச்சு எல்லா நிரலையும் ஓட்டிப் பாத்தாச்சும்மா. ஒண்ணும் உடையல."

"புது எண்ணோட திரும்பத் தொகுத்துட்டுத்தானே ஓட்டுனீங்க?"

"ஆமா."

"கேள்வித்தாளும் நீங்க, விடைத்தாளும் நீங்க. பாஸாகாம என்ன செய்யும், தலைவரே?"

எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் தொகுப்பது; அப்போதுதான் புது எண் அதற்குள் போகும். பழைய நிரல்களை யாரும் திரும்பத் தொகுப்பதில்லை; பலவற்றின் எழுதிய மூலவடிவம் தொலைந்தே போயிற்று. பதினாறு அவற்றுக்குள் உறைந்து கிடக்கிறது. மருத்துவமனை ஆய்வகத்தின் அப்படியொரு நிரலைத் தொடாமல், எண்ணை மாற்றிய கணினியில் ஓட்டினார் அக்கா. செவிலியரின் முழுப்பெயர் இடம் போதாமல் வழிந்து, நினைவகத்தில் அதற்குப் பக்கத்தில் பதிவாகியிருந்த நோயாளியின் ரத்த வகையை அழித்தது. தலைவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப விட்டுடலாங்கிறீங்களா?" செவிலியரின் குரல் இறங்கியது.

"யாரும்மா சொன்னா? என் 'வேண்டாம்' எப்பவும் ஆரம்பந்தான்."

அடுத்த வாரம் இரண்டு வழி போட்டிருந்தார். புது நிரல் கேட்டால் முழுப்பெயர். பழையது கேட்டால் அதே பதினாறு. பெயர் அதற்குள் அடங்காவிட்டால், வெட்டாமல் 'முடியாது' என்று சொல்லிவிடும். ஆய்வக நிரல் சேதமில்லாமல் ஓடியது. ஊசி பதிவாகும் நிரலைத் திரும்பத் தொகுத்ததும், செவிலியர் திரையில் விரல் வைத்துத் தன் பெயரைக் கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படித்தார். "இதாங்க நான்."

இது இன்னும் சோதனைக் கணினியில்தான் இருக்கிறது. கண்ணில் படாத பழைய நிரல்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்க, அக்கா இதை வெளியே விடமாட்டார். உங்கள் அலுவலக மூலையில் அப்படியொன்று இருந்தால், திரும்பத் தொகுக்காமல், திருத்தாமல், இருக்கிறபடியே அவருக்கு இன்றே அனுப்பிவையுங்கள்.